அட்டையில் மிஞ்சிய பேர்

கிட்ட வந்து உட்காருங்க. வாசலில் நின்று கேட்டால் பாதிதான் காதில் விழும், மீதியைப் பஸ் ஹாரன் அள்ளிக்கொண்டு போய்விடும், அப்புறம் விட்டுப்போன பாதிக்கு நீங்களாக ஒன்றைச் சேர்த்து வெளியூரில் போய்ச் சொல்வீர்கள், பிறகு அதுதான் நடந்தது என்று ஆகிவிடும். பாயை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணி வேண்டுமென்றால் செம்பில் இருக்கிறது.

முள்ளிச்சேவல் என்கிற எங்கள் ஊர் கரிசல் காட்டுக்கு நடுவில் கிடக்கிற சின்ன டவுன். மழை வராது, ரயில் வந்தாலும் நிற்காது, ஆனால் ஒரு பஸ் ஸ்டாண்டும் அதற்கு எதிரே ஒரு அச்சாபீசும் உண்டு. அந்த அச்சாபீசில் நான் முப்பத்தாறு வருசம் பைண்டிங் வேலை பார்த்தேன். மெஷினில் அடித்து வருகிற தாளை மடிப்பேன், அடுக்குவேன், ஊசிநூலால் தைப்பேன், பசை தடவி அட்டை போடுவேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். எத்தனையோ ஆயிரம் புத்தகம் இந்தக் கை வழியாகப் போயிருக்கிறது, முழுசாக ஒன்றை வாசித்தது கிடையாது. காது மட்டும் நன்றாகக் கேட்கும். சண்முகத்தாய் என்று பேர், எல்லாரும் தாயி என்பார்கள்.

அதே அச்சாபீசில் வெயிலுகந்தான் என்று ஒருவர் இருந்தார். ஊரில் யாராவது செத்துப்போனால் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவார்கள் இல்லையா, அதற்கு வாசகம் எழுதுகிறவர். செத்தவர் மூட்டை தூக்குகிறவராக இருந்தாலும் சரி, மில் முதலாளியாக இருந்தாலும் சரி, வீட்டுக்காரர்கள் வந்து மூக்கைச் சிந்திக்கொண்டு என்னவோ சொல்வார்கள், இவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார், கேட்டுவிட்டு ரெண்டே வரி எழுதுவார், அந்த ரெண்டு வரியில் செத்த ஆள் மறுபடியும் தெருவில் இறங்கி நடந்துபோவார். அதனால் ஊருக்கே அவர் அஞ்சலி அண்ணாச்சி. டீக்கடையிலும் அஞ்சலி, சலூனிலும் அஞ்சலி, கல்யாணப் பத்திரிகையில்கூட அஞ்சலி அண்ணாச்சி அவர்களுக்கு என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். சொந்தப் பேர் முதலாளிக்கும் எனக்கும் தெரியும், வேறு யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

அவர் சம்சாரம் சீனியம்மாள், எனக்கு மதினி முறை. பஸ் ஸ்டாண்டில் கேப்பைக்கூழ் வண்டி போட்டிருந்தாள். கைநாட்டுத்தான், ஆனால் எங்கள் ஊரில் அவளைவிடக் கெட்டிக்காரி கிடையாது. புருசன் பேரைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். இப்போதுள்ள பிள்ளைகள் கூசாமல் கூப்பிடுகிறார்கள், எங்கள் வயசுக்காரிகளுக்கு நாக்கு வளையாது. ஒருமுறை ஓட்டர் லிஸ்ட் எழுத வந்தவர், "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்றார். மதினி வானத்தைக் காட்டினாள்.

"சூரியனா?"

"அது அடிக்குதுல்லா, அது."

"வெயிலா?"

"அது மேல ஆசப்பட்டவுக."

அந்த மனுசன் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வெயில் மேல யாரும்மா இந்த ஊர்ல ஆசப்படுவா?" என்றார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு என் வாயால் சொல்லவைத்தாள். நான் சொல்லும்போது முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

இந்த வெயிலுகந்தான் அண்ணாச்சி பதினோரு வருசம் ஒரு நாவல் எழுதினார். கெட்டுப்போன போஸ்டர்களின் பின்பக்கத்தில் எழுதினார். காலையில் மதினி கூழ் கிண்டும்போது அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தின நாள் எழுதினதை வாசிப்பார். அவள் துடுப்பை நிறுத்தாமல் கேட்பாள். பிடித்திருந்தால் "ம்" என்பாள். பிடிக்காவிட்டால் "இப்படி யாரு பேசுவா?" என்பாள், அவர் கிழித்துவிடுவார். புத்தகத்துக்கு "ஈரத்துணி காயும் நேரம்" என்று பேர் வைத்தார். முதலாளி மிச்சத் தாளில் முந்நூறு பிரதி அடித்துக் கொடுத்தார். நான்தான் தைத்தேன். அட்டையில் மேலே புத்தகத்தின் பேர், கீழே பெரிய எழுத்தில் வெயிலுகந்தான்.

ஒருவரும் வாங்கவில்லை. முதலாளி ஒரு பிரதியைப் பட்டணத்தில் இருக்கிற ஒரு பரிசுக் குழுவுக்கு அனுப்பினார், மற்றதெல்லாம் அண்ணாச்சி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் பணத்துக்கு ஆசைப்பட்டவர் இல்லை. ஒருநாள் பசை காய்கிற நேரத்தில் என்னிடம் சொன்னார்: "தாயி, ஒரே ஒருத்தர் போதும். இந்த வரி நல்லாருக்கே, யாரு எழுதினது, வெயிலுகந்தானா, அப்படின்னு ஒருத்தர் வாயால என் பேர நான் கேக்கணும். போஸ்டர்ல ஊர்ல உள்ள பேரெல்லாம் எழுதியாச்சு. என் பேர எழுதணும்னா நான் சாகணும்போல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் ஊசி விரலில் ஏறிவிட்டது.

இப்போது கேளுங்கள். மெஷினில் மை சரியாக ஏறும்வரைக்கும் முதல் இருபது முப்பது தாள் கழிவாகத்தான் போகும். அந்தக் கழிவுத்தாளை எல்லா அச்சாபீசிலும் போல நாங்களும் வடைக்கடைக்குக் கொடுத்துவிடுவோம். அண்ணாச்சி நாவலின் கழிவு முழுக்கப் பாக்கியமுத்து கடைக்குப் போனது. கொடுத்தவள் நான். காசு கொடுத்துப் புத்தகம் வாங்காத ஊர், வடையைத் தின்றுவிட்டு விரலைத் துடைக்கிற தாளில் எண்ணெய்க்கு நடுவே தெரிகிற வரியை வாசித்தது. வாசித்தது தெரியாமலே வாசித்தது. கையைத் துடைத்துக் கசக்கி எறிந்துவிட்டுப் போனது.

பிறகு ஒருநாள் அண்ணாச்சி ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அச்சாபீசுக்கு வந்தார். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. மெஷின்காரர் ஆரோக்கியம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிளேட்டு சுத்தம் அண்ணாச்சி, நான் அடிக்கும்போது இருந்துச்சு" என்றார். கட்டிலுக்கு அடியில் இருந்த எல்லாப் பிரதியையும் புரட்டினோம், எல்லாவற்றிலும் அதே இடம் வெள்ளை. அது எந்த வரி என்று அண்ணாச்சி சொன்னார்: "உன்னை நான் மன்னிக்கவில்லை, ஆனால் உனக்கும் இலை போட்டிருக்கிறேன்." சொன்னதும் ஆரோக்கியம் மெஷினை நிறுத்திவிட்டார். முந்தாநாள் பொன்னுச்சாமி வீட்டுக் கல்யாணத்தில், ஒன்பது வருசமாகப் பேசாத தம்பி பந்தல் வாசலில் வந்து நின்றபோது, பொன்னுச்சாமி அவனைப் பார்த்து, "உன்ன நான் மன்னிக்கல, ஆனா உனக்கும் எலை போட்டிருக்கேன், வந்து உக்காரு" என்று சொன்னார் என்றும், தம்பி அழுதுகொண்டே பாயசத்தை ரெண்டு தடவை வாங்கினான் என்றும் ஊரெல்லாம் பேச்சு.

"அப்போ அங்க போயிருச்சு" என்றார் ஆரோக்கியம். மறுபடியும் மெஷினைப் போட்டார். அன்றைக்கு டெலிவரி இருந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. யாராவது ஒருவர் தன் கஷ்டத்துக்கு, தன் தேவைக்கு, அடிவயிற்றிலிருந்து அந்தப் புத்தகத்தின் வரி ஒன்றைச் சொல்லிவிட்டால் அது தாளை விட்டு எழுந்து போய்விடும். அடுத்த வாரம் புத்தகத்தின் பேரே போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறவர்களும், பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர்களும், புருசனோடு சண்டைபோட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறவர்களும் "ஈரத்துணி காயுற நேரந்தான், எல்லாம் சரியாப் போயிரும்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். ஊர் இதைக் கண்டு பயப்படவில்லை. பாக்கியமுத்து ஒரு பிரதியைச் சணலில் கட்டிக் கடையில் தொங்கவிட்டார், காலையில் பேப்பர் பார்க்கிற மாதிரி வந்து புரட்டி, இன்றைக்கு எது போயிருக்கிறது, அது யார் வீட்டுக்குப் போயிருக்கும் என்று ஒரு வடைக்கு ஒரு வரி பேசிவிட்டுப் போனார்கள். கோவில் கமிட்டி கூடி, வரி எடுத்தவர்கள் தங்கள் தோட்டத்தில் விளைந்ததில் ஒரு கை அண்ணாச்சி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கலாம், கட்டாயமில்லை என்று முடிவு செய்தது. கத்தரிக்காய் வந்தது, கீரை வந்தது. எலெக்சனில் நின்ற ஒருவர் மேடையில் நாலு வரியைச் சத்தமாக ஒப்பித்துப் பார்த்தார், ஒரு எழுத்துகூட அசையவில்லை, அதிலிருந்து அவருக்கு ஓட்டுப் போடுவதா வேண்டாமா என்பதும் ஊருக்குத் தெரிந்துபோனது. வெள்ளையாகிப்போன பக்கங்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படம் வரைந்தார்கள், டெய்லர் ரவிக்கை அளவு குறித்தார்.

ஊருக்குத்தான் சந்தோசம், எழுதினவருக்கு இல்லை. ஏன் என்று சொல்லுகிறேன். ஒருநாள் சலூனில் முகம் மழிக்க உட்கார்ந்திருக்கிறார், தாடையில் சோப்பு நுரை, சலூன்காரர் கத்தியை வைத்துக்கொண்டு, "அழுதுக்கிட்டு இருக்கவங்ககிட்ட என்ன ஏதுன்னு கேக்கக்கூடாது அண்ணாச்சி, ஒரு செம்புத் தண்ணி குடுத்துட்டுப் பக்கத்துல உக்காரணும்" என்றார். அது எண்பதாம் பக்கம். அண்ணாச்சி நுரைக்குள்ளிருந்து, "இது யாரு சொன்னது?" என்று கேட்டார். "எங்க தாத்தா சொல்வாரு" என்றார் சலூன்காரர். அவர் தாத்தா பிறவியிலேயே ஊமை, ஊருக்கே தெரியும். கழுத்தில் கத்தி இருந்ததால் அண்ணாச்சி தலையை ஆட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் மதினியிடம், "வரி எல்லாம் போவுது சீனி, சந்தோசமாப் போவுது. ஒண்ணாவது என்னத் திரும்பிப் பாக்குதா?" என்றார். மதினி மோர்மிளகாயை ஒரு தட்டில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

அந்த நேரம் பார்த்துப் பட்டணத்திலிருந்து கடிதம் வந்தது. முதலாளியே கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். உங்கள் நாவல் கடைசி மூன்றில் ஒன்றாக வந்திருக்கிறது, ஆனால் எங்களிடம் உள்ள பிரதியில் வரிகள் காணாமல் போகின்றன, அச்சுக்கோளாறு என்று நினைக்கிறோம், பங்குனி கடைசியில் குழுவிலிருந்து பேராசிரியர் கோமளவல்லி நேரில் வருவார், முழுப்பிரதி ஒன்றை அவரிடம் கொடுங்கள் என்று இருந்தது. புத்தகத்தில் அப்போது பத்துப் பதினைந்து பக்கம்தான் எழுத்தோடு இருந்தது.

அண்ணாச்சி கோவில் கமிட்டி முன்னால் போய் நின்றார். இதுவரை ஊரில் யாரிடமும் எதுவும் கேட்காதவர். "வரி திரும்பணும்னா அத யாரும் சொல்லாம இருக்கணும்போல. ஒரு இருபது நாள். அந்தம்மா வந்து பாத்துட்டுப் போறவரைக்கும்" என்றார். ஊர் மறுபேச்சுப் பேசவில்லை. மைக் கட்டின ஆட்டோ தெருத்தெருவாகப் போனது: "பொதுமக்கள் கவனத்திற்கு, அஞ்சலி அண்ணாச்சியோட வரி எதையும் பங்குனி கடைசி வரைக்கும் யாரும் சொல்ல வேண்டாம், ரொம்ப அவசியம்னா எச்சில முழுங்கிக்கிடுங்க."

ஊர் வாயை மூடிக்கொண்டது. ரெண்டாம் நாளே வரிகள் திரும்ப ஆரம்பித்தன. காலையில் பக்கத்தைத் தொட்டால் விரலில் மை ஒட்டும், அவ்வளவு ஈரமாக வந்து படுத்திருக்கும். அண்ணாச்சி முகம் தெளிந்தது. ஆனால் ஊர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பொன்னுச்சாமியும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல், பழைய வரப்புத் தகராறை எடுத்தார்கள். அம்மா வீட்டுக்குக் கிளம்பின பெண்களைத் தடுத்து நிறுத்த மாமியார்களிடம் வார்த்தை இல்லை, மூன்று பேர் போய்விட்டார்கள். அழுகிறவர்களிடம் எல்லாரும் மறுபடி என்ன ஏது என்று கேட்டார்கள். பஸ் வரும் நேரமும் கத்தரிக்காய் விலையும் தவிர வேறு பேச்சில்லாமல், ஊர் காய்ச்சல் வந்த வீடு மாதிரி ஆனது. கூழ் குடிக்க வருகிறவர்கள் குடித்துவிட்டுக் கும்பாவை வைத்துவிட்டுப் போனார்கள். மதினி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே துடுப்பைப் போட்டாள்.

பேராசிரியர் வர ஒரே ஒரு நாள் இருந்தது. புத்தகம் நிறைந்துவிட்டது. ஒரு வரி மட்டும் திரும்பவில்லை, அதுவும் நாவலின் கடைசி வரி. யாரோ விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி வரி இல்லாத நாவலை எப்படிக் கொடுப்பது? ஒரே ஒரு நாள் நிறுத்தச் சொல்லிக் கேட்டுவிடலாம் என்று அண்ணாச்சி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, உச்சிவெயிலில் ஒவ்வொரு ஜன்னலாக நின்று கேட்டுக்கொண்டு வந்தார்.

அந்த ஆள் நான்தான்.

எங்கள் அய்யா ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர். தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடக்கிற வேலை. படுக்கையில் விழுந்து ரெண்டு வருசம். புத்தி பழைய காலத்துக்குப் போய்விட்டது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்ததும், "லைன் பாக்கப் போணும், வண்டி வந்துரும், வெலகு" என்று எழுந்திரிக்கப் பார்ப்பார், கீழே விழுவார். தட்டைத் தள்ளிவிடுவார். பதினைந்து நாள் பச்சைத்தண்ணியில் கிடந்த மனுசனிடம் ஒருநாள் என்னை அறியாமல் சொன்னேன்: "மழை விட்டதும் போலாம்யா. அதுவரைக்கும் இன்னும் ஒரு வாய்." எங்கள் ஊரில் மழை பெய்து மூன்று வருசம். அய்யா ஜன்னலைப் பார்த்தார். "ஆமா, பெருமழை" என்றார். வாயைத் திறந்தார். அதிலிருந்து மூணு வேளையும் அந்த வரியால்தான் அவருக்குச் சோறு ஊட்டினேன். ஆட்டோ மைக் சொன்னதைக் கேட்டேன். ஒருநாள் எச்சில் முழுங்கிப் பார்த்தேன். அன்றைக்கு அவர் ஒரு பருக்கை தொடவில்லை.

அண்ணாச்சி ஜன்னலில் நிற்பதை நான் பார்த்தபோது என் கை கவளத்தோடு நின்றுவிட்டது. அய்யா, "யாரு அது?" என்றார். என்ன சொல்வது? "மழைக்கு ஒதுங்கி நிக்காகய்யா" என்றேன்.

"உள்ள வரச் சொல்லு. நனையப் போறாரு."

அண்ணாச்சி அசையாமல் நின்றார். பின்னால் தெரு முழுக்க வெயில் கொதிக்கிறது. பிறகு உள்ளே வந்தார். வாசலில் செருப்பை உதறினார். தலைத்துண்டை எடுத்துப் பிழிகிற மாதிரி முறுக்கி, முகத்தையும் கையையும் துடைத்துக்கொண்டு, "என்னா மழை" என்று சொல்லி அய்யா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"விட்டதும் போலாம்" என்று அய்யா அவருக்குச் சமாதானம் சொன்னார். "நீரும் ஒரு வாய் சாப்பிடும்."

நான் மெதுவாக, "வேணும்னு செய்யல அண்ணாச்சி. இதச் சொன்னாத்தான் அய்யாவுக்குச் சோறு எறங்குது..." என்றேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நான் 'மழை நின்ற பிறகு போகலாம்'னு எழுதியிருந்தேன். பதினோரு வருசம் அந்த வரியில என்னமோ இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீ சொல்றதுதான் சரி. 'விட்டதும்'. அதுதான் வேணும்" என்றார். அய்யா தட்டைக் காலி செய்கிறவரைக்கும் அங்கேயே இருந்தார். கண்ணீர் வழிந்தது, ஆனால் அது நீங்கள் நினைக்கிற அழுகை இல்லை. தலையில் சுமந்துவந்ததை இறக்கி வைத்த ஆளின் மூச்சு மாதிரி ஒரு மூச்சு விட்டார், அந்த மூச்சில் என் வீட்டுச் சுவர்க் காலண்டர் படபடத்தது.

நேராக ஆட்டோக்காரரிடம் போய் மைக்கைத் தன் கையால் வாங்கி, "பேசுங்கய்யா, எல்லாரும் பேசுங்க, போதும்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் ஊரில் எழுந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், இருபது நாள் தொண்டையில் கட்டிக்கிடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் மடை திறந்துகொண்டு, பொன்னுச்சாமி தெருவில் நின்று தம்பிக்கு இலை போட்டிருப்பதாகக் கத்த, தம்பி சட்டைகூடப் போடாமல் ஓடிவர, மாமியார்கள் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் மருமகள்களைக் கூட்டிவர, சலூன்காரர் அழுகிற ஒருவருக்குத் தண்ணிச் செம்போடு ஓட, கட்டிலுக்கு அடியில் அத்தனை புத்தகமும் சரசரவென்று வெளுத்தது, மரத்திலிருந்து மைனாக்கூட்டம் கிளம்பின மாதிரி ஒரு சத்தம்.

மறுநாள் காலையில் பேராசிரியர் கோமளவல்லி வந்து இறங்கினார். கண்ணாடி, தோளில் பை, வெயிலுக்குச் சிவந்த முகம். அண்ணாச்சி கூழ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் கையில் புத்தகத்தைக் கொடுத்தார். அட்டையில் கீழே வெயிலுகந்தான் என்கிற பேர் மட்டும் இருந்தது. உள்ளே நூற்றுப்பன்னிரண்டு பக்கமும் பால் மாதிரி வெள்ளை.

"இது என்ன சார்?" என்றார் அந்த அம்மா.

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் மதினி ஒரு கும்பாவில் கூழ் ஊற்றி நீட்டினாள். "மொதல்ல இதக் குடிங்கம்மா. குடிச்சிட்டு என்கூட ஒரு நடை வாங்க. வாசிச்சுரலாம்."

எழுதப் படிக்கத் தெரியாத மதினிக்கு அந்த நாவல் வரிவரியாகத் தெரியும், பதினோரு வருசம் அடுப்படியில் கேட்டதில்லையா. எந்த அத்தியாயத்துக்குப் பின்னால் எது என்றும், இப்போது எந்த வரி எந்தத் தெருவில் யார் வாயில் குடியிருக்கிறது என்றும் அவளுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்தாள். அங்கிருந்து சந்தை, சந்தையிலிருந்து சலூன், பொன்னுச்சாமி வீடு, ஆஸ்பத்திரி வாசல் என்று ஒரு தெருவுக்குள் நுழைந்து இன்னொன்றில் வெளியே வந்து, சில இடத்தில் பேசாமல் நிற்கவைத்து, சில இடத்தில் திரும்பவும் முதல் தெருவுக்கே கூட்டிவந்து நடந்தாள். முதலில் அந்த அம்மா பொறுமை இல்லாமல்தான் வந்தார். ரெண்டாவது தெருவில் நடை மெதுவானது. மூன்றாவது தெருவில் வெள்ளைப் புத்தகத்தைத் திறந்து, கேட்கக் கேட்க ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தார். மத்தியானம் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள். நான் அய்யாவுக்குக் கடைசி வரியைச் சொன்னேன். அந்த அம்மா கடைசிப் பக்கத்தை மூடினார்.

நானும் கையைக் கழுவிவிட்டு அவர்கள் பின்னாலேயே போனேன். அந்த அம்மா கூழ் வண்டிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "நான் இப்படி ஒரு புத்தகம் வாசிச்சதில்ல சார்" என்றார். "ஆனா வெள்ளத்தாளுக்குப் பரிசு குடுக்க எங்க விதியில இடமில்ல."

"தெரியும்மா. ஒண்ணும் வருத்தமில்ல" என்றார் அண்ணாச்சி. வருத்தமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு அந்த அம்மாவுக்குப் பஸ் எப்போது என்று விசாரிக்கப் போனார்.

அவர் போனதும் அந்த அம்மா, "ஊரே சொல்லுது, எழுதினவர் பேர ஒருத்தருமே சொல்லலையே. அவருக்கு நிஜமாவே வருத்தம் ஒண்ணும் இல்லையா?" என்று மதினியைக் கேட்டார். அதற்குள் போன் அடித்தது. எடுத்து, "சொல்லு மனோகர்" என்றார். "இல்ல மனோகர், சாயங்காலம் ஆயிரும். சாப்ட்டியா மனோகர்?"

வைத்ததும் மதினி கேட்டாள்: "தம்பியா?"

"என் ஹஸ்பெண்ட்."

"பேரச் சொல்லியா கூப்பிடுவீக?"

"ஆமா. முப்பது வருஷமா."

"கூப்பிட்டா என்ன செய்வாக?"

அந்த அம்மாவுக்கு அந்தக் கேள்வி புதுசாக இருந்திருக்க வேண்டும், யோசித்தார். "திரும்பிப் பார்ப்பார்" என்றார்.

நாலு மணி பஸ்ஸில் அந்த அம்மா ஏறினார். அண்ணாச்சி கொடுத்த வெள்ளைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் நகரும்போது மறுபடி போன், "பஸ் ஏறிட்டேன் மனோகர், ஈரத்துணி காயுற நேரம், வந்துருவேன்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் அய்யாவுக்குக் கூழ் வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதினி முற்றத்தில் கூழ்ப்பானையைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி வாசலைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு பிரதியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் கவலையே இல்லை.

"தாயி, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாக பாரு" என்று அட்டையைக் காட்டிச் சிரித்தார். "இது ஒண்ணு மட்டும்தான் யாருக்கும் தேவப்படல. கெடக்கட்டும், எது முன்பக்கம், எது முதுகுன்னு அடையாளம் தெரியணும்லா."

மதினி கையிலிருந்த தேங்காய்நாரைக் கீழே வைத்தாள். பானையைக் கவிழ்த்தாள். முந்தானையில் ரெண்டு கையையும் துடைத்தாள், விரல் விரலாகத் துடைத்தாள். இந்தத் தடவை காதைப் பொத்தவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

"வெயிலுகந்தான்" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி முப்பத்தோரு வருசத்தில் அவர் அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை. மடியில் இருந்த அட்டையில் அந்தப் பேர் முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து போவதை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. மதினியும் அட்டையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, முதல் தடவையைவிடக் கொஞ்சம் சத்தமாக, இன்னொரு தடவை கூப்பிட்டாள்.